மிஸ்டர் கார்த்திகேசு காலமானார்

ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவனை முழுதாக நம்பக் கூடாது. தென் லண்டனில், மிச்சம் என்ற எங்கள் பகுதியில், வருடக் கணக்காக அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கவுன்சில் படிவமோ, பெனிபிட் என்ற அரசு உதவிப்பணப் படிவமோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மணி அடிக்கும். வந்தவர்களை வரவேற்பது நான், தேநீர் போடுவது என் மனைவி வசந்தி. (புகழ் மட்டும் எனக்கு.)

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் வீடு வாங்கப் புறப்பட்டோம். பத்து வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு, பின்பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு அகப்பட்டது. சாமியறை எது, கோடையில் கறிவேப்பிலைத் தொட்டியை எங்கே வைப்பது என்றெல்லாம் வசந்தி தீர்மானித்துவிட்டாள். வங்கிக் கடன் வருவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் அடையாளத் திருட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. குப்பைத் தொட்டியில் கடிதங்களைப் பொறுக்கி, அடுத்தவன் பெயரில் கடன் எடுக்கிறார்களாம். மறுநாளே காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். கோயில் அர்ச்சனைத் துண்டுச்சீட்டைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

அடுத்ததாக, நம் பெயரில் யாராவது கடன் எடுக்கிறார்களா என்று கண்காணிக்கும் நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. மூன்று நிறுவனங்களின் பிரசுரங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்பது போலப் பார்த்தேன். முதல் இரண்டும், சந்தேகம் வந்தால் நீங்களே படிவம் நிரப்பி, அத்தாட்சியோடு அனுப்ப வேண்டும் என்றன. மூன்றாவது நிறுவனம், ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது.

"படிவம் இருக்கிறதை எடுங்கோ. அதுதானே உங்களுக்குக் கைவந்த கலை" என்றாள் வசந்தி.

"உனக்கு உது விளங்காது" என்று மூன்றாவதை எடுத்தேன்.

முதல் அறிக்கை வந்தது. என் பெயர் குகநாதன். அதில் ஒரு குறையும் இல்லை. அதன் கீழே, 'இதே முகவரியில் இன்னொருவர்: மிஸ்டர் கார்த்திகேசு. தளபாடக் கடையில் தவணைக் கணக்கு' என்றிருந்தது.

கார்த்திகேசு என் அப்பா. லண்டனை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர். யாழ்ப்பாணத்தில் காலமாகி ஆறு வருடம். என் அப்பாவின் பெயரில் கைவைத்துவிட்டானே என்று எனக்கு இரத்தம் கொதித்தது. உடனே நிறுவனத்தை அழைத்தேன். மிஸ்டர் கார்த்திகேசு இறந்தது உறுதியா என்று அந்தப் பெண் கேட்டாள். கொள்ளி வைத்தது என் அண்ணன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், "ஹண்ட்ரட் பெர்சென்ட்" என்றேன்.

ஒரு வாரத்தில் அந்த நிறுவனத்தின் அனுதாபக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரர்களின் பண்பை வியந்து வசந்தியிடம் நீட்டினேன்.

"மாமா செத்தது இவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சதோ?" என்றாள்.

அடுத்து வந்தது வங்கியின் கடிதம். கடன் விண்ணப்பம் நிறுத்தப்பட்டிருந்தது. காரணம், விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார்.

பாஸ்போர்ட்டையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த இளம்பெண் குரலைத் தாழ்த்தி, "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

"அப்பா" என்றேன்.

அவள் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மிஸ்டர் கார்த்திகேசுவின் பிறந்த தேதி என்னுடையதாக இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அவர் தவணையில் வாங்கியது ஓர் இரட்டைக் கட்டில்.

"என்னப்பா, அது நாங்கள் படுக்கிற கட்டிலெல்லோ!" என்றாள் வசந்தி.

எல்லாம் விளங்கியது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரும் நம் பெயரும்தான். மற்ற எல்லா இடத்திலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் குகநாதன் என்று எழுதிய இந்தப் படிவ நிபுணர், கட்டில் கடையில் மட்டும் கார்த்திகேசு என்று எழுதியிருக்கிறார். அந்தக் கார்த்திகேசுவைத்தான் தொலைபேசியில் நானே சாகடித்திருந்தேன். முகவரியும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்ததால், குகநாதனும் கூடவே போய்விட்டான்.

இதை ஆங்கிலத்தில் விளக்க நான் தடுமாறினேன். ஆபீஸ்களில் வாயே திறக்காத வசந்தி என்னைக் காட்டி, "திஸ் இஸ் த டெட் மேன்" என்றாள்.

எனக்கு உயிர் திரும்ப ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். செய்தி வந்த அன்று வசந்தி என்னைத் திட்டவில்லை. கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

பிறகு ட்ராம் பாதையோரம், தோட்டம் இல்லாத இந்த வீட்டை வாங்கினோம். கறிவேப்பிலை ஜன்னலோரத்தில் நிற்கிறது. படிவத்தோடு வருகிறவர்களிடம், "அவர் உயிரோடதான் இருக்கிறார், ஆனா பேரை நீங்களே எழுதுங்கோ" என்கிறாள் வசந்தி.

வருடா வருடம் அப்பாவின் திவசம் வரும். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் வசந்தி தவறாமல் கேட்பாள்:

"மாமாவுக்குப் படைச்சாச்சு. உங்களுக்கும் பக்கத்தில ஒரு இலை போடட்டோ, இல்லாட்டி மேசையில இருந்து சாப்பிடுவியளோ?"