ஒழுக்கு டாக்டர் வீட்டு மெத்தை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரி, ஏழு மாதக் குட்டிப்பயல் மூவரும் நலம். நான்கு நாளாக உலர்ந்தும் இருக்கிறோம். அங்கு தங்கள் நலத்தையும், தங்கள் தையல் மிஷினின் நலத்தையும், தங்கள் கோபத்தின் இன்றைய நிலவரத்தையும் அறிய ஆவல். ‘தங்கள்’ என்று எழுதினால், “என்ன இவன், ஆபீசுக்கு மனு போடுறானா?” என்று நீ பாதியிலேயே கிழித்துவிடுவாய் என்பதால் இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். பத்தொன்பது நாளாகப் போனை எடுக்காதவளிடம் வேறு எப்படித்தான் பேசுவது? படித்து முடித்துவிட்டுக் கிழி. ஒரே ஒரு வேண்டுகோள், இதை நீ மட்டும் படிக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சொன்னது தப்பு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி அந்தத் தப்புக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கிற வேலைக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து, இருபத்து நான்கு துணி நாப்பி தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். கொடுக்கும்போதே, “டேய், வெந்நீர்ல துவை, நல்லா அலசு, வெயில்ல போடு. வேற ஒண்ணையும் ஊத்தாதே. ராத்திரிக்கு உள்ள இன்னொரு மடிப்பு வை. ஆம்பளைப் பிள்ளை, முன்பக்கம் கனமா இருக்கணும். தொடையோரத்துல துணி வெளிய எட்டிப் பார்க்கக் கூடாது” என்றும் சொன்னாய். நான் தலையாட்டினேன். எனக்குத் தலை ஆடும்போது காது வேலை செய்யாது என்பது உனக்குத் தெரியாததா?

முதல் மூன்று மாதம் வீட்டுக்காரிதான் துவைத்தாள், கட்டினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அப்புறம் அவள் வேலைக்குத் திரும்பினாள், துவைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது. பிள்ளையின் தோல் என்னவாகும் என்று மனசு பதறி, துணியை மெத்தென்று ஆக்கும் என்று கடையில் விற்கிற நீல நிற வாசனைத் தண்ணீரை வாங்கி, மூடியில் அளந்து ஊற்றச் சொன்னதை நான் கையால் அளந்து ஊற்றினேன். துணி பூப்போல ஆனது. மாடிப்படி வரைக்கும் மணத்தது. அடுத்த வாரத்திலிருந்து விடிந்தால் சட்டை ஈரம், விரிப்பு ஈரம், மெத்தை ஈரம், பக்கத்தில் படுத்திருந்த என் பனியனும் ஈரம். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

ஊரெல்லாம் மொட்டைமாடி ஒழுக்கை அடைத்து, ‘ஒழுக்கு டாக்டர்’ என்று பட்டப்பெயரும் வாங்கி, போகிற இடமெல்லாம் பத்து வருட உத்தரவாதம் கொடுக்கிறவன் வீட்டில் மெத்தை ஒழுகினால் எப்படி இருக்கும் சொல்லு. வேலைக்குப் போனால் நம்ம கொத்தனார் மூக்கை உறிஞ்சி, “என்ன மேஸ்திரி, ரோஜாத் தோட்டத்துக்குள்ள யாரோ ஒண்ணுக்குப் போன மாதிரி வருது?” என்கிறார். ரோஷம் வந்துவிட்டது. உள்ளே ஒரு மடிப்புக்கு நான்கு மடிப்பு வைத்தேன். பயலுக்குக் காலைச் சேர்க்க முடியவில்லை, குதிரையிலிருந்து இப்போதுதான் இறங்கியவன் மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தான், ஆனாலும் ஒழுகியது. இடுப்பை இறுக்கினேன், சிவப்பாய்த் தடம் விழுந்தது, அதற்கு வீட்டுக்காரியிடம் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் வேலையிடத்திலிருந்து நீர் புகாத ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி வந்து மெத்தைமேல் விரித்தேன். பிள்ளை புரண்டால் மொறமொறவென்று சத்தம், சத்தத்துக்கு அவன் எழுந்து அழுகை, அழுகைக்கு நாங்கள் எழுந்து சண்டை. தண்ணீரோ ஷீட்டில் நிற்காமல் சரிந்து என் பக்கமே வந்து தேங்கியது. தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்று வாட்டம் பார்க்காமல் விரித்துவிட்டேன் அக்கா! பதினாறு வருடத் தொழிலில் இந்தத் தப்பை எந்த மாடியிலும் செய்ததில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிறு நீ வந்தாய். வீட்டுக்காரியோடு, பயலைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் மாமியாரும் இருந்தார், கொத்தனாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “டாக்டர் வீட்டு ஒழுக்கு நின்னுச்சா?” என்று கேட்டார். நான் என் மானத்தைக் காப்பாற்ற உன் மானத்தை எடுத்துக் கொடுத்தேன். “தைக்கத் தெரிஞ்சவங்க தைச்சிருந்தா ஏன் ஒழுகப் போவுது?” தட்டைக் கழுவி வைத்தாய், பயலின் காலைத் தொட்டுப் பார்த்தாய், நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனாய். அது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

போன வாரம் ஒரு மாடியில் பூச்சு முடித்துவிட்டு, வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டது. அந்த வீட்டுச் சொந்தக்காரர் கை கொடுத்தார். எனக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு வந்ததும் உன் நாப்பி ஒன்றை விரித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். அதே முத்து. அதே உருளல். ஒரு துளி உள்ளே இறங்கவில்லை. நீ உறிஞ்சுவதற்காகத் தைத்ததை, அந்த நீலத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, நானே மேல்பூச்சு பூசி வைத்திருக்கிறேன். இருபத்து நான்கையும்! இவ்வளவு சுத்தமாக நான் எந்த மாடிக்கும் வேலை செய்ததில்லை.

அன்றே கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நுரை நிற்கும் வரை ஐந்து தடவை அலசினேன். கை வெந்துவிட்டது, வேண்டும் எனக்கு. அதிலிருந்து நான்கு காலையும் மெத்தை காய்ந்து கிடக்கிறது. உன் தையலில் ஒரு ஊசிமுனைக் குறை இல்லை.

இப்போது நீ மட்டும் படிக்க வேண்டியது. ஒன்பது வயது வரை நான் படுக்கையை நனைத்தேன். அப்பா எழுந்து வருவதற்குள் நீ விரிப்பை உருவி, மெத்தையைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து படிக்கிற மாதிரி பாவனை செய்வாய். ஒரு நாள்கூட யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஞாயிறு மதியம் அத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். அன்றும் நீ சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். பயல் தன் அத்தைக்கு இரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு அனுப்புகிறான். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எழுதி, தபாலில் சேர்க்கும்வரை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மெத்தை காய்ந்து கிடந்த அந்த நான்கு நாளும் நாப்பி கட்டியது வீட்டுக்காரி. நேற்றிரவு நான் கட்டினேன், கனமான மடிப்பை முதுகுப் பக்கம் வைத்து. மெத்தை நனைந்து, கடிதமும் நனைந்துவிட்டது. வீட்டுக்காரி அதை எடுத்து, உன் நாப்பிகளுக்குப் பக்கத்திலேயே கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துவிட்டாள். அவள் படித்துவிட்டாள். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைக் கூப்பிட வந்த கொத்தனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். “ஒம்பது வயசு வரைக்குமா மேஸ்திரி?” என்கிறார் அவர். உன்னை யார் யார் முன்னால் பேசினேனோ அதே மூன்று பேர், ஒருவர் குறையவில்லை. ஆகவே ‘நீ மட்டும் படி’ என்பதையும், ‘உலர்ந்து இருக்கிறோம்’ என்பதையும் அடித்துவிடு. மன்னிப்பை மட்டும் அடிக்காதே. இன்று காலை அந்த ஈர மெத்தையை நான் தனியாகத் திருப்பிப் பார்த்தேன், மூச்சு வாங்கிவிட்டது. பதின்மூன்று வயதில், சத்தமே வராமல், தினமும் நீ எப்படியக்கா திருப்பினாய்?