பெடலுக்கு அடியில் ஒரு படி உப்பு

இந்திய அரசியல் சட்டத்தை ஒரு பக்கம்கூடப் படிக்காமல், முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் வேன் டிரைவர் ஐகோர்ட்டுதான். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது அவர் சம்சாரத்துக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம். டீயில் சர்க்கரை குறைந்தாலும், முன்னால் போகும் மாட்டுவண்டி ஒதுங்காவிட்டாலும், திடீரென்று மழை வந்தாலும், "இது ஐகோர்ட்டுல நிக்காது!" என்று கத்துவார்.

நான் அப்போது மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் எடை போடும் கிளார்க். காலையில் கீழ்புத்துப்பட்டிலிருந்து உப்பு வாரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் அவருடைய சொந்த வேனில்தான் நானும் வேலைக்குப் போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி பறக்கும். எவ்வளவு பறக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஸ்பீடு காட்டும் முள் செத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. வேனுக்குள் அவர் நடத்தும் வழக்கு சூடுபிடித்தால் ஐகோர்ட்டு முழுசாகப் பின்னால் திரும்பிவிடுவார். "அண்ணே, ரோட்டப் பாருண்ணே" என்று பெண்கள் அலறினால், "ரோடு எங்க போவப்போவுது? அங்கயேதான் இருக்கும்" என்பார்.

அந்த வேனில் பயமில்லாமல் வந்தவர் காசியம்மா ஒருவர்தான். கதவோரம் சாய்ந்து, மடியில் தூக்குவாளியோடு, ஏறினதிலிருந்து இறங்கும்வரை தூங்குவார். "இந்தம்மா ஒண்ணுதான் என்ன நம்புது" என்று ஐகோர்ட்டு பெருமைப்பட்டுக்கொள்வார்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. வேகக்கட்டுப்பாட்டுக் கருவி மாட்டினால்தான் வேனுக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்கும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு மிதித்தாலும் அறுபதுக்கு மேல் வண்டி போகாமல் தடுக்கும் கருவி. ஐகோர்ட்டு என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சார், வண்டி என்னுது, காலும் என்னுது. எவ்ளோ அமுக்கணும்னு நீங்க யாரு சார் சொல்றதுக்கு?"

"ரோடு கவர்மெண்டோடதுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப ரோட்டுக்கு மாட்டுங்க!"

ஆபீஸே சிரித்தது. ஐகோர்ட்டு சிரிக்கவில்லை. "கட்டிப்போட்ட கால் யோசிக்காது சார். யோசிக்காத கால் ஒரு நாள் ஆளக் கொல்லும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மற்ற டிரைவர்கள் கருவியை மாட்டி, எஃப்.சி. வாங்கி, மறுநாளே கழற்றி வீட்டுப் பரணில் போட்டார்கள். இவரையும் அப்படிச் செய்யச் சொன்னேன். "அது திருட்டுத்தனம். நான் நேராத்தான் எதுப்பேன்" என்று எஃப்.சி. இல்லாமலே ஓட்டினார். அந்த நேர்மைக்குப் பயந்து, செக்போஸ்ட் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவர் கையில் ஒரு பலமான சாட்சியமும் இருந்தது. சுனாமி அன்று குப்பத்து ஜனங்களைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு, பின்னால் தண்ணீர் வரவர மேட்டுக்கு ஓட்டிவந்தவர் அவர். "அன்னிக்கு வேகத்தக் கட்டுற இந்தப் பொட்டி இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்? சொல்லுங்க" என்று வேனில் தினமும் கேட்பார்.

ஒரு நாள் மேரி பதில் சொன்னாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருகிறவள். சைக்கிளில் போன அவள் புருஷனை அதே சாலையில் ஒரு வேன் அடித்துத் தூக்கி எறிந்திருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"எம் புருசன ஏத்திக் கொன்னவனும் சொதந்திரமாத்தான்ணே வந்தான்."

வேன் தானாகவே மெதுவானது. கொஞ்ச தூரம் போனபிறகு, "கவர்மெண்டு என் காலக் கட்டக்கூடாதும்மா" என்றார், ஆனால் கத்தவில்லை.

"நாங்க கட்டுனா?"

கியரை மாற்றிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நீங்க கட்டலாம். உசுரு உங்குளுது. அது ஐகோர்ட்டுல நிக்கும்."

மறுநாளே மேரி ஒரு பை தைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு படி ஈர உப்பைத் திணித்து, ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் வைத்துக் கட்டினார்கள். கட்டையோ செங்கல்லோ வைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "கட்டைய வச்சா கோவம் வந்தா புடுங்கி எறிஞ்சுடும் இந்த அண்ணன். உப்ப எறிய மனசு வராது" என்றாள் மேரி. அறுபதுக்கு மேல் போகாத அரசு பஸ் ஒன்றுக்குப் பின்னாலேயே ஓட்டிப் பார்த்து, உப்பைக் கூட்டிக் குறைத்து, பையின் உயரத்தைச் சரிசெய்தார்கள். பிறகு வெயிலில் காய்ந்து அது பாறையாக இறுகியது.

கோடை முழுக்க அப்படி ஒரு நிம்மதி. ஐகோர்ட்டு பை தடுக்கும்வரை பெடலை அழுத்திவிட்டு, காலை மறந்துவிட்டு, பின்னால் திரும்பி வாதாடுவார். நாங்களும் பதிலுக்கு வாதாடினோம். யாரும் அலறவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. அளத்தில் உற்பத்தி நின்று, குவித்த உப்பு கரையாமல் அம்பாரத்துக்கெல்லாம் பனையோலை போட்டு மூடும் வேலை நடந்தது. பிறந்ததிலிருந்து ஓலை போட்டு உப்பைக் காக்கிற ஜனங்கள். ஈரம் பட்டால் உப்பு என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேனுக்குள் மழை ஒழுகியது. ஈரக் காலோடு அவர் பெடலை மிதித்தார். பெடலுக்கு அடியில் இருந்த ஒரு படியை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

பை கசிந்து கசிந்து சூம்பியிருக்கிறது. அவர் கால் வழக்கம்போல் பை தடுக்கும்வரை அழுத்தியது; பெடல் முன்னைவிடக் கீழே இறங்கி வண்டி பறந்தது. அன்று காலை அவர் பின்னால் திரும்பி ஏதோ சொல்ல, மேரி சிரித்தது நினைவிருக்கிறது. வளைவில் வேன் பக்கவாட்டில் சாய்ந்து உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. நாங்கள் ஒவ்வொருவராக ஊர்ந்து வெளியே வந்தோம். காசியம்மா வரவில்லை. கதவுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டார். அவர் விழித்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஐகோர்ட்டுக்கு வலது கால் நசுங்கியிருந்தது. மேரி சேற்றில் உட்கார்ந்து, "பைய நான்தான தச்சேன், நான்தான தச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வாயத் தொறக்காத. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

கேஸ் நடந்தது. வாழ்நாளெல்லாம் கோர்ட்டைக் கூப்பிட்டவர், கட்டைக் காலோடு முதல்முறையாக ஒரு கோர்ட்டுக்குள் வந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லும்படி வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வேனிலிருந்து போலீஸ் எடுத்திருந்த பையைப் பற்றி மாஜிஸ்ட்ரேட் கேட்டதும் ஐகோர்ட்டு கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு என்னுதுங்க ஐயா. பைய தச்சு வச்சதும் நான்தாங்க" என்றார். அந்த மனுஷனுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது என்பது எங்கள் வேனுக்கே தெரியும். மேரி எழுந்தாள். "ஒக்காரும்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. கட்டின காலைப் பற்றி ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொன்னதை அங்கே ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது சரியாகவும் இருந்திருக்கும்.

ஜெயில் தண்டனை. வராந்தாவில் வக்கீல், "அப்பீல் போவலாங்க. ஐகோர்ட்டு வரைக்கும் பாத்துடலாம்" என்றார்.

அவர் கட்டைக் காலை ஊன்றி வக்கீல் பக்கம் திரும்பினார்.

"வேணாம் சார். இது ஐகோர்ட்டுல நிக்காது."

கத்தாமல் அவர் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் டீயில் சர்க்கரை குறைந்தால், கடையே திரும்பிப் பார்க்கும்படி, அவருக்காக நான் கத்துகிறேன்.