கூட்டம் கூட்டிக் காப்பவர்

கூட்டம் கூட்டிக் காப்பவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். வீடு பற்றி எரிந்தால் வாளியைத் தேடமாட்டார். ஊரில் வாளி வைத்திருப்பவர்களையெல்லாம் ஒரு மேசைக்கு அழைப்பார். கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். கெட்டவராக இருக்க அவருக்கு ஏது நேரம்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மார்ல்பி என்ற சிற்றூரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ரோலண்ட் பிக்கரிங். ஊர்க் குழந்தைகளுக்குத் தீங்கு நேராமல் போலீசும் பள்ளியும் மருத்துவத் துறையும் நகராட்சியும் கைகோத்து நிற்கவேண்டும் என்பதற்காக அமைந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். கையோடு கை சேர்ப்பது, சேர்த்த கைகளைப் படமெடுப்பது, படத்தைச் சுவரில் மாட்டுவது, மாட்டிய சுவரின் கீழே அடுத்த கூட்டத்தை நடத்துவது என்று மனிதருக்கு ஓய்வே கிடையாது.

அன்றைய கூட்டத்தில் பெரிய சிக்கல். குழுவுக்குப் பெயர் 'இணைந்த கரங்கள்' என்பதா, 'இணையும் கரங்கள்' என்பதா? காலை முழுக்க அதுவே ஓடியது. பள்ளித் தலைமையாசிரியை ஹிலரி கிராப்ட்ரீ கையைத் தூக்கினாள்.

"ரோலண்ட், ஒரு பிள்ளையப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"அருமை, ஹிலரி. 'இதர விஷயங்கள்'ல எடுத்துக்கலாம். கடைசியில வருது."

கடைசிக்கு முன் தேநீர் வந்தது. ரோலண்ட் எழுந்து, ஒளிப்படக் கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரிக்கப் போனார். ஹிலரி தேநீர்ப் பானையருகில் நின்ற நர்ஸ் பிரெண்டாவிடம் புலம்பினாள்.

"டெஸ் ஒரு வாரமா ஸ்கூலுக்கு வரல. ஜுரம்னு அவங்கம்மா லீயான் மெசேஜ் போட்டிருக்கா. எனக்கென்னமோ மனசு சரியில்ல."

"மில் தெரு டெஸ்ஸா? அவ தம்பிப் பாப்பாவுக்கு ஊசி போடப் போனேன். உள்ள ஆள் நடமாட்டம் கேட்டுது. கதவு தொறக்கல."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் ரைலியின் பிஸ்கட் தேநீரிலேயே கரைந்து விழுந்தது.

"லீயான அடிச்சிட்டு ஜெயிலுக்குப் போனானே, அவகூட வாழ்ந்த கேரி, அவன் வெளிய வந்துட்டான். அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பைகளை வைத்துவிட்டுக் கோட்டுகளை எடுத்தார்கள். வாசலில் ரோலண்ட்.

"எங்க கிளம்பிட்டீங்க? பேரு இன்னும் முடிவாகலையே."

"வழியில முடிவு பண்ணிக்கலாம். கார்ல ஏறுங்க," என்றாள் பிரெண்டா.

ஏறினார். எதற்கு ஏறினோம் என்று அவருக்கே தெரியாது.

மில் தெருவில் ரைலியும், அவன் வரவழைத்த இரண்டு போலீசாரும் வீட்டுக்குள் இருந்த கேரியைப் பின்வாசல் வழியே கொண்டுபோனார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியாமல் ரோலண்ட் நடையில் நின்றார். மாடிப்படியில் டெஸ், தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"நானா? நான்... எல்லாரையும் ஒண்ணா உக்காரவச்சுப் பேச வைக்கிறவன்."

"அப்ப எங்கம்மாவப் பேச வைங்க. நேத்துலேருந்து பேசவே மாட்டேங்கறா."

சமையலறையில் லீயான், கன்னம் வீங்கி, மேசையைப் பார்த்தபடி இருந்தாள். ரோலண்டுக்கு வரவேற்புரை தெரியும், நன்றியுரை தெரியும். நடுவில் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையை நனைத்து அவள் பக்கம் நீட்டினார். கூட்டம் போடாமல் ஒரு காரியம்; அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"என் பிள்ளைங்கள எங்கிட்டேருந்து பிரிச்சிடுவீங்களா?" என்றாள் லீயான், மெல்ல.

"எனக்குத் தெரியலம்மா," என்றார் ரோலண்ட். "தெரிஞ்சவங்களக் கூப்பிடறேன்."

பிரெண்டா வந்து லீயானின் தோளில் கைவைத்தாள். "யாரும் பிரிக்கல, கண்ணு. உன் அக்காகிட்ட பேசிட்டேன். மூணு பேரும் அங்க போறீங்க." அன்று மாலையே போனார்கள்.

ரோலண்ட் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் அவர் கண் கலங்கியது உண்மை. டெஸ் மீண்டும் பள்ளிக்கு வருகிறாள் என்று ஹிலரி சொன்னபோது கைக்குட்டையை எடுத்ததும் உண்மை. உடனே ஒரு தீர்மானமும் கொண்டுவந்தார். தேநீர் நேரத்துப் பேச்சு இவ்வளவு பயன் தருவதால், தேநீர் நேரத்துக்கென்று ஒரு துணைக்குழு; அதற்கு ஒரு தலைவர்; பேசவேண்டிய பொருள்கள் முன்கூட்டியே சுற்றுக்கு விடப்படும். இப்போதெல்லாம் ஹிலரியும் பிரெண்டாவும் ரைலியும் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசுகிறார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன மாதம் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுதபோது, கதவைத் தட்டாமல், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் 'யாராவது கவனிக்கவும்' என்று போட்டீர்களே, அதற்கு எத்தனை கட்டைவிரல்கள் வந்தன?