மண்டையில் ஒரு திருகாணி

முதலாளியம்மா காதுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கருவியை மாட்டிக்கொண்டு தையற்கடைக்குள் நுழைந்ததும், கட்டிங் மாஸ்டரின் கத்தரி கோட்டைத் தாண்டி ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? சின்ன வயதில் சீழ் வைத்து, அந்த அம்மாவுக்குக் காதில் சத்தம் போகிற வழியே அடைபட்டுப்போயிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மாஸ்டர் வருஷக்கணக்காக அவர் எதிரிலேயே நின்று, "கஞ்சப்பிசினாறி, காஜாவுக்கும் கொக்கிக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்" என்று முணுமுணுத்தபடி துணி வெட்டிவந்தார்.

இப்போது ஆபரேஷன் செய்து மண்டையெலும்பில் திருகாணி வைத்து, கருவியை அதில் மாட்டியாயிற்று. சத்தம் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடுமாம். ஒரு முணுமுணுப்பு விழுந்தாலும் வேலை போச்சு. இந்த வயதில் வேறு எந்தக் கடை சேர்க்கும்?

பெரிய மீசைக்கு அடியில் வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா? வேணா வீட்டுக்குப் போங்க."

பயந்துபோய்ப் புகழ ஆரம்பித்தார். "உங்களை மாதிரி முதலாளி கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும்மா."

முதலாளியம்மா கருவியைத் தட்டிப் பார்த்தார். "இதுல ஏதோ கோளாறு. என் போன் பழசு. உங்க போன்ல இதோட ஆப்பைப் போட்டு என்னன்னு பாருங்க."

போட்டுக் கருவியை இணைத்தார். கோளாறு எதுவும் இல்லை. கோளாறெல்லாம் மாஸ்டரின் வயிற்றில்தான். திட்டாமல் திட்டாமல் உப்பிக்கொண்டு வந்தது. தாங்க முடியாமல், துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் புகுந்து மனைவிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தார். பதிலே கேட்கவில்லை.

"சத்தமா பேசுடி. இன்னும் சத்தமா."

வெளியே வந்தால், முதலாளியம்மா தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், உங்க வீட்டுக்காரம்மா என் மண்டைக்குள்ள கத்துறாங்க. 'அந்தக் கஞ்சப்பிசினாறியை விட்டுத் தொலைச்சிட்டு வாங்க'ங்கறாங்க. என்ன பதில் சொல்லட்டும்?"

நுணலும் தன் வாயால் கெடும். மாஸ்டர் போனாலும் கெட்டார். இணைத்த கருவியைப் பிரிக்க மறந்ததால், மனைவியின் குரல் நேராக அங்கே போயிருந்தது.

முதலாளியம்மா ஏனோ சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டார். மாஸ்டர் கத்தரியையும் இஞ்ச் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டன் தைக்கும் அக்காவிடம் போனார்.

"நாளையிலிருந்து நான் வரமாட்டேன்க்கா. துரத்துறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களை யாரு துரத்துறா? இத்தனை வருஷமா உங்க உதட்டைப் பாத்தே ஒவ்வொரு திட்டையும் ரசிச்சவங்க அவங்க. நீங்க இந்தப் பெரிய மீசையை வளர்த்து வாயை மறைச்சப்புறம்தான், பொழுதே போகலைன்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க."