பாப்பம் அண்ணையும் படுக்கைச் சைக்கிளும்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஒரு முடிவும் எடுக்காமலே கலியாணம் கட்டி, வீடு வாங்கி, மகளையும் வளர்த்து ஆளாக்கிய ஒரே தமிழர் பாப்பம் அண்ணைதான். எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். எங்கள் தொழிற்சாலைக் கன்டீனில் "கோப்பியோ, தேத்தண்ணியோ?" என்று கேட்டால்கூட "பாப்பம்" என்றுவிட்டு வெறுங்கோப்பையோடு உலாத்துவார். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு முதுகின் அடியில் நாரி பிடித்துக்கொண்டது. காலமெல்லாம் சைக்கிளில் வேலைக்கு வந்த மனிதர். இப்போது சீற்றில் குந்தினாலே கண்ணில் தண்ணீர். டாக்டரோ, உடம்பை அசைக்காவிட்டால் முதுகு மரக்கட்டையாகிவிடும் என்று வெருட்டிவிட்டார். மனைவி சுகந்தி அக்கா காரில் கொண்டுவந்து இறக்கினார். அந்த அவமானம் அண்ணைக்கு நோவைவிடப் பெரிது. கன்டீனில் குந்தமாட்டார். மேசைக்கு மேசை நடந்தபடியே சாப்பிடுவார்.

படுத்தபடி காலை முன்னுக்கு நீட்டி மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருப்பதாக, கூட வேலை செய்த டேனிஷ்காரன் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றோடு எங்கள் நிம்மதி போனது.

"தம்பி, மழை பெய்தா நேரா வாய்க்குள்ள விழுமெல்லே?"

"வாயை மூடிக்கொண்டு ஓடுங்கோ அண்ணை."

"லொறிக்காரனுக்கு என்னைத் தெரியுமோ?"

"கொடி ஒண்டு கட்டலாம்."

"என்ன நிறம்?"

அந்த நிறத்திலேயே ஒரு குளிர்காலம் முழுக்கக் கழிந்தது.

படுத்து மிதித்தால் நாரிக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒருநாள் கன்டீன் தரையில் மல்லாந்து கிடந்து காற்றில் காலைச் சுழற்றினார். உள்ளே வந்த மேற்பார்வையாளர் வலிப்பு என்று பயந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த பெண் குனிந்து, எங்கே நோகிறது என்று கேட்டாள். அண்ணை படுத்தபடியே, அவள் எப்போதாவது படுக்கைச் சைக்கிள் ஓடியிருக்கிறாளா என்று விசாரித்தார்.

வீட்டிலும் இதே கதைதான். "உயிரோட இருக்கேக்கையே காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு ஊர்வலம் போகப்போறியளோ? கோயில்ச் சனம் என்ன கதைக்கும்?" என்றார் அக்கா. வாங்கித் தொலையுங்கள் என்று மகள் டேனிஷில் கத்தினாள். அண்ணை இரண்டு பேருக்கும் "பாப்பம்" என்றார்.

கடைசியில் அக்காதான் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, ஸ்கீவப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில பழைய சைக்கிள் ஒண்டு விக்கினமாம். இந்த மனுசன் கட்டிலிலயும் கிடந்து மிதிக்குது. உம்மட வான் வண்டியில கொண்டுபோய்க் காட்டும். வாங்கினாலும் சரி, விட்டாலும் சரி, எனக்கு நித்திரை வேணும்."

வழி முழுக்க அண்ணை நெளிந்துகொண்டே வந்தார். "திருப்பு தம்பி, வேண்டாம்" என்றார். திருப்பினேன். "இப்ப ஏன் திருப்பினனீ?" என்று கோபித்துக்கொண்டார்.

பண்ணைக்கார அம்மா சேற்றுச் சப்பாத்தோடு வந்து, சைக்கிளை முற்றத்தில் ஓடிப் பார்க்கச் சொன்னாள். அண்ணை ஏறிப் படுத்தார். முதலில் வேலிச் செடிக்குள் போனார். பிறகு வைக்கோல் கட்டொன்றில் போய் முட்டினார். நான் தூக்கிவிட ஓடினேன், கையைத் தட்டிவிட்டார். மறுபடி மிதித்தார். சைக்கிள் நெளிந்து, நிமிர்ந்து, வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறி மறைந்துபோனது.

நேரம் போனது. அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். நாரி பிடித்து ரோட்டோரத்து எந்தத் தண்ணிக் கானுக்குள் கிடக்கிறாரோ என்று வானை எடுக்கப் போகையில், முகம் சிவக்கத் திரும்பி வந்தார். அவள் வாய் திறக்குமுன், "வாங்கிறன்" என்றார், தமிழில். என் கையிலிருந்த வான் திறப்புக்கொத்து கிலுங்கிக் கீழே விழுந்தது.

"ஏத்துவம் அண்ணை."

"இல்லைத் தம்பி. நான் இதில ஓடியே வாறன்."

"ஹேர்னிங் வரைக்குமோ? விசரோ உங்களுக்கு?"

அவர் போய்விட்டார்.

அந்த வயல் ரோட்டில் சைக்கிள் பாதை கிடையாது. மேற்குக் காற்று வேறு பிடித்துத் தள்ளியது. நான் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் வானை ஊரவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் படுத்தபடியே கையை ஆட்டிக் கத்தினார்: "தம்பி, நோகேல்லையடா! நீ முன்னால போ!"

எனக்குப் பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒரு டிராக்டர்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். ஆனாலும் அன்று அவரை முந்திப் போக எனக்கு மனம் வரவில்லை.