சார்ஜரைப் பிடுங்கினால் செத்துப்போகும் லேப்டாப்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தது. தினம் ஒரு விலங்கு தானாகவே குகைக்கு வந்து இரையாக வேண்டும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. காலம் மாறியதில் ராஜாவும் கொஞ்சம் மாறி, 'என்னை ஏன் சாப்பிடக் கூடாது' என்று லேப்டாப்பில் படம் போட்டு விளக்க ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. விளக்கம் பிடித்தால் வீட்டுக்குப் போகலாம். இதுவரை யாரும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

செங்கமலம் என்ற முயலின் முறை வந்தது. கண்முழித்துப் படங்களெல்லாம் தயார் செய்திருந்தது, பாவம். குகையில் கரண்ட் கிடையாது. பழைய பேட்டரியோ சார்ஜே நிற்காமல் படுத்துவிட்டது. அதனால் புது பேட்டரி வாங்கி மாட்டியது. சார்ஜர் இருக்கும்வரை லேப்டாப் ஜம்மென்று ஓடியது. சார்ஜரைப் பிடுங்கியதும் பொசுக்கென்று அணைந்தது. 

முயல் ரிப்பேர் கடை வைத்திருந்த நரியிடம் ஓடியது.

"மதர்போர்டு போயிடுச்சும்மா. வச்சிட்டுப் போ, அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேனே அண்ணே!"

"அப்ப யார் வந்து வாங்கிக்குவாங்கன்னு சொல்லிட்டுப் போ."

வீடியோ பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்ட குரங்கு, "பவர் பட்டனை அழுத்திப் புடி, சரியாயிடும்" என்றது. விரல் மரத்துப்போகும்வரை செங்கமலம் பிடித்தது.

"அப்பவும் வரலையே?"

"வீடியோ அதோட முடிஞ்சிருச்சே."

வேறு வழியில்லாமல் செத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முயல் குகைக்கு நடந்தது.

"ம், ஆரம்பி" என்று சிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டது.

"மன்னிக்கணும் ராஜா. புது பேட்டரி போட்டேன். சார்ஜர் இருந்தா ஓடுது, எடுத்தா செத்துப்போகுது."

பாய இருந்த சிங்கம் அப்படியே நின்றது. "புது பேட்டரியா? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

"தெரியலையே ராஜா."

"இங்க குடு, நான் பாக்கறேன்."

சிங்கம் லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றியது. அப்போதுதான் செங்கமலத்துக்கு உண்மை தெரிந்தது. புதுப்பொருள் எது வாங்கினாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவது முயல் வீட்டு வழக்கம். பேட்டரிக்கும் தாராளமாக இட்டிருந்தது. இட்ட இடம், கரண்ட் பாய வேண்டிய பித்தளைப் பற்களின் மேலேயே. சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது.

சிங்கமும் அதைப் பார்த்தது. "பூஜை போட்டிருக்கியா? நல்ல பழக்கம்" என்று கண்ணில் ஒற்றி, பொட்டு கலையாமல் பயபக்தியோடு திரும்ப மாட்டியது.

'துடைச்சா சரியாயிடும் ராஜா' என்று சொல்ல முயல் வாயெடுத்தது. லேப்டாப் ஓடினால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொன்ன யாரும் வீடு திரும்பியதில்லை. முயல் வாயை மூடிக்கொண்டது.

சிங்கம் பட்டனை அழுத்தியது. தட்டியது. வெயிலில் வைத்தது. ஊதியது.

"முயலைச் சாப்பிட்டுட்டு அப்புறம் பாருங்களேன்" என்றது பெண்சிங்கம்.

"சும்மா இரு, கண்டுபுடிச்சிட்டேன்!"

பொழுது சாய்ந்ததும் லேப்டாப்பை முயலிடம் திருப்பிக் கொடுத்தது. "இதை வேற எவன்கிட்டயும் குடுத்துறாத. நாளைக்கு எடுத்துட்டு வா."

செங்கமலம் வீட்டுக்கு வந்து, குளித்து, புதிதாகச் சந்தனம் அரைத்தது.

அன்றிலிருந்து தினமும் முயல் போகிறது, தினமும் திரும்பி வருகிறது. அதன் முறை முடியாததால் வேறு யாருக்கும் முறை வரவில்லை. காடே நிம்மதியாக இருக்கிறது. சிங்கராஜா மட்டும் இளைத்துத் துரும்பாகிவிட்டது. "பேசாம நரி கடையில குடுத்தா என்ன?" என்று பெண்சிங்கம் கேட்டால் மட்டும் அந்தப் பழைய கர்ஜனை வருகிறது.

நீதி: பலசாலியிடம் மாட்டிக்கொண்டால் நியாயம் பேசாதே, ரிப்பேரான சாமான் ஒன்றைக் கையில் கொடு. என்ன கோளாறு என்று மட்டும் சொல்லிவிடாதே.