மாமனாரைத் துரத்திய மதில்

பெண் கேட்டுப் போன வீட்டில் ஆண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு வடையைச் சாப்பிட வேண்டும். கேட்காத உதவியைச் செய்கிறேன் என்று கிளம்பவே கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. (இந்தத் தகுதி என் எதிரிக்கும் வர வேண்டாம்.)

நான் மதுரைக்காரன். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் கணினி வேலை. காதலித்த தாரணியோ அதே நாட்டில் ஹம் நகரத்தில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவள் அப்பா சிவநேசன் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் அங்குள்ள தமிழ்ப் பள்ளியை நடத்துபவர். என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான்.

"இங்கிலீசு கலக்காமல் ஒரு வசனம் கதைக்க ஏலாத பெடியன். நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கு ஆர் தமிழ் சொல்லிக் குடுக்கிறது?"

முதல் சந்திப்பிலேயே அதை உடைத்துவிட வேண்டும் என்று, வடையும் கையுமாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "தமிழ்தான் எங்களுக்கு மூச்சு, அங்கிள்." (அந்த ஒரு வரியிலும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தது இப்போதுதான் உறைக்கிறது.)

பேச்சோடு பேச்சாக அவர் ஒரு கவலையைச் சொன்னார். பள்ளியின் இணையதளத்தில் கலைவிழாவுக்குப் பிள்ளைகள் பெயர் பதிகிற இடத்தில், யார் யாரோ சூதாட்ட விளம்பரங்களைக் கொட்டுகிறார்களாம். அடித்தது யோகம் என்று நினைத்தேன். "நான் ஒரு ஃபயர்வால் போட்டுத் தரேன் அங்கிள். ஈ, காக்கா உள்ள வராது!"

தளத்துக்கு முன்னால் நிற்கிற காவல் மதில் அது. யாரை விடலாம், யாரைத் துரத்தலாம் என்று நாம் விதி எழுதிக் கொடுக்க வேண்டும். திரையில் நாலு பொத்தானை அழுத்தினாலே வேலை முடிந்துவிடும். தாரணியும் அதைத்தான் கேட்டாள்: "சும்மா கிளிக் பண்ணினா காணாதோ?" (அவர்கள் பேச்சில் 'காணாது' என்றால் போதாது.)

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க செய்யறது" என்றேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கென்றே இருக்கும் நிரல் தொகுப்பை இறக்கி, விதிகளையெல்லாம் நிரலாகவே எழுதினேன். வம்புக்காரர்கள் சதவீதக் குறிகளை வரிசையாகத் திணித்துத்தான் கள்ளச் சரக்கை ஒளித்து அனுப்புவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே அந்தக் குறி அளவுக்கு மேல் வந்தால் துரத்து என்று ஒரு விதி. துரத்தும்போது காட்டுவதற்கு ஒரு செய்தியும் வைக்கலாம். கை சும்மா இருந்ததா? "திருட்டுப் பயலே! வந்த வழியே ஓடிப்போ!" என்று எழுதிவைத்தேன். எந்த ஊர்த் திருடனுக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியம்.

என் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். பதிந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பதிவு தொடங்கிய சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். சிவநேசன் என்னை முன்னால் நிறுத்தி, "எங்கட தளத்துக்குக் காவல் போட்டுத் தந்த தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. பிறகு எல்லோரும் பார்க்கப் பெரிய திரையில் தளத்தைத் திறந்து, ஒரு பிள்ளையின் பெயரை அழகான தமிழில் அடித்துப் பொத்தானை அழுத்தினார்.

"திருட்டுப் பயலே! வந்த வழியே ஓடிப்போ!"

சுவர் அகலத்துக்கு.

"அண்ணை, எனக்கும் இப்பிடித்தான் ஏசுது!" என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினார் பத்மா அக்கா என்ற ஆசிரியை. பின்னாலிருந்து இன்னும் பல குரல்கள். சிவநேசன் திரையைத் திரும்பப் படித்தார். "எங்கட ஆக்கள் கள்ளன் எண்டெல்லோ சொல்லுவினம். திருட்டுப் பயல் எண்டு ஆர் எழுதினது?"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தமிழ் எழுத்து இணையத்தில் அப்படியே போகாது. ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளாக உடைந்துதான் போகும். ஒரு தமிழ்ப் பெயர் போதும், என் மதிலுக்கு அது திருடன். ஜெர்மன் எழுத்தில் அடித்தவர்களை உள்ளே விட்டுவிட்டு, தமிழில் அடித்தவர்களை மட்டும் பார்த்துப் பார்த்துத் துரத்தியிருக்கிறது. தமிழ்ப் பள்ளியில்!

சிவநேசன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீர் தமிழில ஒருக்காக்கூட அடிச்சுப் பாக்கேல்லையோ?"

"இல்ல அங்கிள்."

மூச்சு, மூச்சு என்று பீற்றிக்கொண்டேனே, அந்த மூச்சு அங்கேயே நின்றுபோனால் தேவலை என்றிருந்தது. மடிக்கணினியைத் திறந்து விதியை நீக்கப் பார்த்தேன். அவசரத்தில் தட்டியதில் நிரல் பிழைக்கு மேல் பிழை காட்டியது. பக்கத்தில் நின்ற தாரணி மடிக்கணினியை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரே கிளிக்கில் விதியை எடுத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"முதல் பேரை நீரே பதியும். தமிழில" என்றார் சிவநேசன். தமிழ் விசை எது எங்கே என்று தெரியாமல் நான் ஒவ்வொன்றாகத் தேட, மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. பத்மா அக்கா பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் 'ழ'வைத் தொட்டுக் காட்டினார்.

சம்பந்தம் போச்சு என்றே ரயில் ஏறினேன். ஆனால் அன்று வீட்டில் அவர், "விசர்ப் பெடியன். கேட்டவுடன மழுப்பாமல் இல்லை எண்டான், அது காணும்" என்றாராம். (விசர் என்றால் பைத்தியம்.)

கல்யாணம் நடந்தது. இன்றும் ஹம்மில் அழைப்பு மணியை அடித்தால், "ஆர் அது?" என்று உள்ளிருந்து குரல் வரும். "திருட்டுப் பயல் வந்திருக்கேன் மாமா" என்று சொன்னால்தான் கதவு திறக்கும்.

என் மகளுக்கு அவர்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். போன விடுமுறையில் அவள் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா திருட்டுப் பயல்."

ஓர் எழுத்துப் பிழை இல்லை. பின்னால் அவளுடைய அம்மப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.